அந்தப் பூட்ஸ் யாருடையவை?

ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய ஓவியம் இருக்கிறது. அகலம் ஒன்றரை அடிகூட இருக்காது. 1886இல் பாரிஸில் வரையப்பட்டது. தேய்ந்துபோன தோல் பூட்ஸ் இரண்டு. மேல்தோல் மடங்கித் தொய்ந்திருக்கிறது, கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. தரை எது, சுவர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத மங்கிய மஞ்சள்பழுப்பு சுற்றிலும். காலும் இல்லை, ஆளும் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்தவர்கள் வெறும் பூட்ஸ் என்று விட்டுவிட்டுப் போகவில்லை. கடந்த நூற்றாண்டின் பெரிய மூளைகள் சில அந்தப் பூட்ஸுக்காகச் சண்டை போட்டிருக்கின்றன.

முதலில் எடுத்துக்கொண்டவர் ஜெர்மானியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர். 1935, 36ஆம் ஆண்டுகளில் கலைப்படைப்பின் தோற்றம் பற்றி ஆற்றிய உரைகளில் அவர் இந்தப் பூட்ஸை ஓர் உழவுப் பெண்ணின் காலில் மாட்டிவிட்டார். அந்தத் தேய்மானத்தில் வயல் வரப்பில் நடந்த களைப்பு தெரிகிறது என்றார். அடுத்த வேளை உணவைப் பற்றிய கவலை, பிரசவத்தின் நடுக்கம், சாவின் அச்சம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன என்றார். மிக அழகான பகுதி அது. படித்தால் கண் கலங்கும். அதை எழுதியவர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும், மண்ணையும் உழவரையும் புனிதமாக்கிப் பேசுவது அந்தக் காலத்து ஜெர்மனியில் என்ன அரசியலுக்குப் பயன்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் கண் சற்று வேகமாக உலரும்.

1968இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாபிரோ இதை மறுத்து எழுதினார். எந்த ஓவியத்தைச் சொல்கிறீர்கள் என்று ஹைடெக்கருக்கே கடிதம் எழுதிக் கேட்டு, 1930இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் பார்த்தது என்று பதிலும் பெற்றிருந்தார். வான்கோ அப்போது பாரிஸில் வாழ்ந்த நகரவாசி. இவை எந்த உழவுப் பெண்ணுடையவையும் அல்ல, ஓவியருடைய சொந்த பூட்ஸ். இது ஒருவகையில் அவருடைய தன்னுருவ ஓவியம் என்பது ஷாபிரோவின் வாதம். பத்தாண்டு கழித்து ழாக் தெரிதா வந்தார். இரண்டு பேருமே பூட்ஸை யாராவது ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடத் துடிக்கிறார்களே, இவை ஒரே ஜோடி என்பதற்காவது என்ன உத்தரவாதம் என்று கேட்டார்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிடித்தது ஃபிரான்ஸுவா கோஸி சொன்னது. கோர்மோனின் ஓவியக்கூடத்தில் வான்கோவுடன் படித்தவர் அவர். அவர் நினைவிலிருந்து எழுதியதன்படி, அந்த பூட்ஸை வான்கோ பாரிஸின் பழைய பொருள் சந்தையில் வாங்கினார். வாங்கும்போது அவை துடைத்து மெருகேற்றிச் சுத்தமாக இருந்தன. வரைய அது போதவில்லை. ஒரு மழைநாளில் அவற்றை மாட்டிக்கொண்டு சேற்றில் நடந்து அழுக்காக்கிய பிறகுதான் வரைந்தார்.

இது உண்மையானால் ஹைடெக்கர் சொன்னதும் தவறு, ஷாபிரோ சொன்னதும் பாதிதான் சரி. அந்தத் தோலை மடங்கவைத்த பாதம் மூன்றாவது ஆளுடையது. விற்றவரோ விற்றவருக்கு விற்றவரோ, நமக்குத் தெரியாத யாரோ. சேறு மட்டும் ஓவியருடையது.

ஒரு பொருளுக்குள் உணர்ச்சி இருக்கிறது என்று சொல்கிறோம். அந்த உணர்ச்சிக்குப் பட்டா யார் பெயரில் என்பதுதான் என் கேள்வி. அந்தப் பொருளைப் பயன்படுத்தியவர் பெயரிலா, வரைந்தவர் பெயரிலா, பார்த்து உருகுகிறவர் பெயரிலா? பூட்ஸ் சண்டையில் உழவுப் பெண் ஒருத்தி யாரும் அழைக்காமல் உள்ளே கொண்டுவரப்பட்டாள். பிறகு யாரும் விடைகொடுக்காமல் வெளியே அனுப்பப்பட்டாள். வந்ததிலும் போனதிலும் அவள் வாய் திறக்கவில்லை. ஹைடெக்கர் அவள்மீது காட்டியது பரிவு என்றே வைத்துக்கொள்வோம். பிரசவ வலியை அவளுக்காக அவரே உணர்ந்து, அவரே எழுதி, தத்துவம் ஆக்கியும் முடித்துவிட்டார். அவள் அந்த பூட்ஸைப் பற்றி என்ன நினைத்திருப்பாள் என்பதற்கு அங்கே இடமே இல்லை. கடிக்கிறது என்றுகூட நினைத்திருக்கலாம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் அகத்திணை விதி ஒன்று நினைவுக்கு வரும். அகப்பாட்டில் காதலிக்கிற ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது; சொன்னால் பாட்டு புறமாகிவிடும். தலைவி, தோழி, செவிலி என்று பெயரற்றவர்களாக நிற்பதால் அவர்களுடைய துயரம் யாருடையதாகவும் ஆக முடிகிறது. அந்தப் பெயரின்மை ஒரு கொடை. ஹைடெக்கரின் உழவுப் பெண்ணுக்குப் பெயர் இல்லாததை அதே கணக்கில் வைக்க என்னால் முடியவில்லை. ஏனென்றால் வான்கோவின் வாழ்க்கையில் உழவுப் பெண்கள் உண்மையாகவே இருந்தார்கள், அவர்களுக்குப் பெயரும் இருந்தது.

ஒருவர் பெயர் கோர்டினா தெ க்ரோட். நெதர்லாந்தின் தென்பகுதியில் நூனன் என்ற ஊர். 1883 கடைசியிலிருந்து 1885 நவம்பர் வரை வான்கோ அங்கே இருந்தார். உருளைக்கிழங்கு உண்பவர்கள் என்ற 1885ஆம் ஆண்டு ஓவியத்தில் எண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்திருப்பது தெ க்ரோட் குடும்பம். கோர்டினா அதற்கு மாடலாக இருந்தவர். அவருடைய முகத்தை வான்கோ பலமுறை தனியாகவும் வரைந்திருக்கிறார். அதே ஆண்டு கோர்டினா கருவுற்றார். மணமாகாதவர். ஊர் வான்கோவைக் கைகாட்டியது. அவர் மறுத்தார். கத்தோலிக்கப் பங்குத்தந்தை தன் மக்கள் இனி இந்த ஓவியருக்கு மாடலாக உட்காரக் கூடாது என்று தடுத்தார். மறுப்பவர்களுக்குக் காசு தருவதாகக்கூடச் சொன்னார் என்று வான்கோ தம்பி தியோவுக்கு எழுதினார்.

மாடல்கள் வருவது நின்றது. அந்த இலையுதிர் காலத்தில் வான்கோ பொருட்களை வரைந்தார். கூடை கூடையாக உருளைக்கிழங்கு, ஆப்பிள், பறவைக் கூடுகள். உருளைக்கிழங்குக் கூடை ஓவியங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு. மண்ணைக் குழைத்து எடுத்ததுபோன்ற பழுப்பு. ஒவ்வொரு கிழங்கும் கையில் எடுத்தால் கனக்கும் என்று தோன்றும். அந்தக் கனத்தை உழைப்பின் கண்ணியம் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். எனக்கு அது ஆள் வராமல் போன வெறுமையின் கனமாகவும் தெரிகிறது. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் ஊர்வாயில் அகப்பட்டிருந்த காலத்தில், அவளுடைய முகம் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு அவள் தோண்டிய கிழங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கிழங்கு பிறகு கலை வரலாற்றில் ஏறியது. கோர்டினாவுக்கு அந்த ஆண்டு மகன் பிறந்தான். அவருக்கு என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார் என்று கேட்டு எழுத அன்று யாரும் அவசரப்படவில்லை.

வரையப்பட்டது எது என்பதைப் போலவே, யார் எதை வரையலாம் என்பதும் இந்தக் கதையில் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1667இல் ஆந்த்ரே ஃபெலிபியன் பிரெஞ்சு அகாதமிக்காக ஓவிய வகைகளைத் தரவரிசைப்படுத்தினார். மனிதர்கள் நிறைந்த வரலாற்று, புராணக் காட்சிகள் உச்சியில். பழமும் பூவும் பாத்திரமும் அடியில். அடியில் இருப்பதை ஆங்கிலத்தில் ஸ்டில் லைஃப், அசையாத வாழ்வு என்கிறார்கள். பிரெஞ்சில் இன்னும் கொடூரம், செத்த இயற்கை. மேல் தட்டுக்குப் போக ஆடையற்ற மனித உடலைப் பார்த்து வரையக் கற்க வேண்டும். அந்த வகுப்புக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1897இல்தான். ஆகவே பெண்கள் பூவும் பழமும் வரைந்தார்கள். ஆன் வல்லேயே கோஸ்ட்டர் அப்படி வரைந்தே 1770இல் அரச அகாதமிக்குள் நுழைந்தார். கைத்திறன் உண்டு, ஆழம் இல்லை என்பதுதான் பொதுவாக இந்த வகைக்குக் கிடைத்த தீர்ப்பு. நூறு சொச்சம் ஆண்டுகள் கழித்து செசானும் வான்கோவும் கோகனும் அதே மேசைக்கு வந்தார்கள். அதே பழம், அதே குவளை. அது மனித ஆன்மாவின் வெளிப்பாடு ஆகிவிட்டது.

இப்படிச் சொல்வதால் அந்த ஓவியங்கள் செய்த காரியம் சிறியது என்று பொருளில்லை. இம்ப்ரெஷனிஸ்டுகள் பொருளின்மீது விழுந்து நகரும் ஒளியை வரைந்தார்கள். இவர்களுக்கு அது போதவில்லை. மூவரும் இறந்த பிறகு, 1910இல் லண்டனில் ஒரு கண்காட்சி வைத்த ரோஜர் ஃப்ரை இவர்களைக் குறிக்க பின் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற பெயரைத் தந்தார். பொருளைப் பார்க்கும்போது உள்ளே ஏற்படும் அழுத்தத்தை வண்ணமாகவும் கோடாகவும் மாற்ற முடியுமா என்பது இவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. செசானின் மேசை முன்னால் சாய்ந்திருக்கும், துணியின் ஒருபக்கம் தெரியும் விளிம்பு மறுபக்கத்து விளிம்போடு நேராகச் சேராது, ஆப்பிளைச் சுற்றி நீலக்கோடு ஒன்றுக்கு இரண்டாக ஓடும். பழம் உருண்டு நம் மடியில் விழுந்துவிடுமோ என்ற பதற்றமும், விழாது என்ற திடமும் ஒரே நேரத்தில் வரும். அவர் பழங்களை அடுக்கும் விதத்தை உடனிருந்து பார்த்த இளம் ஓவியர் ஒருவர் எழுதியிருக்கிறார். பழங்களுக்கு அடியில் செப்புக்காசுகளைச் செருகிச் செருகி, சாய்வைச் சரிசெய்துகொண்டே இருப்பாராம். அவ்வளவு நிதானம். வரைந்து முடிப்பதற்குள் பழம் அழுகிவிடும் என்பதும், அதனால் காகிதப்பூக்களை வைத்து வரைந்தார் என்பதும் தெரிந்ததே.

வகுப்பில் இந்தக் காசு விஷயத்தைச் சொன்னபோது முதுகலை மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேம், அந்தப் பழத்தை யாரு வாங்கிட்டு வந்தாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நல்ல கேள்வி. செசானின் கடைசி ஆண்டுகளில் எக்ஸ் நகரத்து வீட்டைப் பார்த்துக்கொண்டு அவருக்குச் சமைத்துப் போட்டவர் பிரெமோன் அம்மா. அதற்கு முன்னால், சில காலம் உடனிருந்தும் பல காலம் தனித்திருந்தும் வாழ்ந்தவர் ஓர்த்தான்ஸ் ஃபிகே.

ஓர்த்தான்ஸ் 1850இல் பிறந்தவர், புத்தகம் பைண்டிங் செய்யும் வேலையில் இருந்தவர். செசானை 1869இல் சந்தித்தார். 1872இல் மகன் பிறந்தான். செசானின் தந்தை வங்கி நடத்தியவர். அவரிடமிருந்து வந்த மாதப் பணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் செசான் இந்தப் பெண்ணையும் பிள்ளையையும் ஆண்டுக்கணக்கில் மறைத்துவைத்தார். திருமணம் நடந்தது 1886இல், பையனுக்குப் பதினான்கு வயதாகும்போது. கணவரின் நண்பர்கள் ஓர்த்தான்ஸை மரியாதையோடு நடத்தியதாகச் சொல்ல முடியாது, உருண்டை என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அவருக்கு சுவிட்சர்லாந்தும் லெமனேடும் தவிர எதுவும் பிடிக்காது என்று கணவரே சொன்னதாக ஒரு கிண்டல் இன்றுவரை சுற்றுகிறது.

இந்தப் பெண்ணை செசான் கிட்டத்தட்ட முப்பது எண்ணெய் ஓவியங்களில் வரைந்திருக்கிறார். சிவப்பு உடையில், நீல உடையில், மஞ்சள் நாற்காலியில், தைத்துக்கொண்டு. எதிலும் சிரிப்பு இல்லை. வாய் இறுக மூடியிருக்கும், தலைமுடி நடுவகிடு எடுத்து இழுத்துக் கட்டியிருக்கும். நூறு ஆண்டுகளாக விமர்சகர்கள் இந்த முகத்தைப் பற்றிச் சொன்னதைத் தொகுத்தால் ஒரு குற்றப்பத்திரிகை தேறும். சிடுசிடுப்பு, வெறுமை, உணர்ச்சியின்மை. இதே கையால், இதே ஆண்டுகளில், இதே நிதானத்தோடு வரையப்பட்ட ஆப்பிள்களைப் பற்றி அதே ஆட்கள் எழுதும்போது நாணம், வேட்கை, துயரம், பெருமிதம் என்று சொற்கள் பெருகுகின்றன. ஷாபிரோ, பூட்ஸைத் திருப்பிக் கேட்ட அதே 1968இல், செசானின் ஆப்பிள்களைப் பற்றியும் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். செசான் அடக்கிவைத்த காமம் ஆப்பிளுக்கு இடம்பெயர்ந்தது என்பது அதன் சாரம். அருமையான கட்டுரை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் முகத்தில் உணர்ச்சி இல்லை என்கிறார்கள்; பக்கத்து மேசையில் இருக்கிற பழத்துக்குள் அவளுக்குப் போக வேண்டிய உணர்ச்சியெல்லாம் இருக்கிறது என்கிறார்கள். இதை விசித்திரம் என்று அவர்களில் எத்தனை பேர் நினைத்தார்கள்?

செசானுக்காக உட்காருவது எப்படிப்பட்ட வேலை என்பதற்கு ஓர் ஆண் சாட்சி இருக்கிறார். ஓவிய வணிகர் அம்புருவாஸ் வொலார் 1899இல் தன் உருவத்துக்காக நூற்றுப்பதினைந்து அமர்வுகள் உட்கார்ந்ததாகக் கணக்குச் சொல்கிறார். ஒருமுறை தூங்கி நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டார். செசானுக்குக் கோபம்: ஆப்பிள்போல உட்காரத் தெரியாதா, ஆப்பிள் அசையுமா என்று. வொலார் இதை வேடிக்கையாகச் சொல்லிப் புத்தகம் எழுதினார், புத்தகம் விற்றது. ஓர்த்தான்ஸ் எத்தனை அமர்வுகள் உட்கார்ந்தார் என்று யாரும் எண்ணவில்லை. அவர் கையால் எழுதியவையாக எஞ்சியிருப்பவையும் மிகச் சொற்பம்.

நான் அந்த முகத்தில் வெறுமையைப் பார்க்கவில்லை. மணிக்கணக்காக அசையாமல் இருக்க வேண்டிய ஒருவர் தன் முகத்தை உள்ளிருந்து பூட்டிக்கொண்டிருக்கிறார். அது வேலை நேரத்து முகம். ஆப்பிளிடம் நாம் எதைக் கண்டாலும் ஆப்பிள் மறுக்காது. முகம் மறுக்கும். ஓர்த்தான்ஸின் முகம் தொடர்ந்து முப்பது தடவை மறுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. செசான் அந்த மறுப்பை மாற்றி இனிப்புத் தடவாமல் அப்படியே வரைந்தார் என்பதில் அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. அவரைக் காட்டிலும் அவருடைய உரையாசிரியர்களோடுதான் என் சண்டை.

இனி நாற்காலிகள். 1888 இலையுதிர் காலத்தில் தென்பிரான்ஸின் ஆர்ல் நகரில் வான்கோவும் கோகனும் இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த நாட்களில் வான்கோ இரண்டு நாற்காலிகளை வரைந்தார். தன்னுடையது மஞ்சள் மரத்தில் கோரைப்புல் பின்னிய எளிய நாற்காலி. சிவப்புத் தரை ஓடுகள், நீலக் கதவு, பகல் வெளிச்சம். இருக்கையில் புகைக்குழாயும் புகையிலைப் பொட்டலமும். பின்னால் முளைவிட்ட வெங்காயம் இருக்கும் பெட்டியில் தன் பெயரை எழுதிவைத்திருக்கிறார். கோகனுடையது கை வைத்த நாற்காலி, சிவப்பும் பச்சையும் மோதும் இரவுக் காட்சி, இருக்கையில் எரியும் மெழுகுவர்த்தியும் இரண்டு நாவல்களும். டிசம்பர் 23 இரவு வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டார். கோகன் ஊரைவிட்டுப் போனார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நாற்காலிகளை நாற்காலியாகப் பார்க்க யாராலும் முடிவதில்லை. ஒன்றில் தனிமையும் மற்றொன்றில் பிரிவும் உட்கார்ந்திருக்கின்றன. வான்கோவே 1890இல் விமர்சகர் அல்பேர் ஓரியேவுக்கு எழுதும்போது கோகனின் காலி இடத்தை வரைய முயன்றதாகச் சொன்னார்.

அது நமக்கு எப்படித் தெரிந்தது? வான்கோவின் கடிதங்களிலிருந்து. கடிதங்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? இந்தக் கேள்விக்குப் பதில் யோஹன்னா வான்கோ பொங்கர். தியோவின் மனைவி, யோ என்று கூப்பிடுவார்கள். 1889 ஏப்ரலில் திருமணம். 1890 ஜனவரியில் மகன். அந்த ஜூலையில் மைத்துனர் வின்சென்ட் சாவு, அடுத்த ஜனவரியில் கணவர் சாவு. இருபத்தெட்டு வயதில், ஒரு வயதுக் குழந்தையோடு, யாரும் விலை கேட்காத நூற்றுக்கணக்கான ஓவியங்களும் ஒரு குவியல் கடிதங்களும் கையில். அவற்றைக் கழித்துவிடுங்கள் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. யோ நெதர்லாந்துக்குத் திரும்பி, புஸ்ஸும் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்தினார். பகலில் விருந்தினருக்குச் சாப்பாடும் படுக்கையும், இரவில் கடிதங்களை வரிசைப்படுத்துவது. பல கடிதங்களில் தேதி கிடையாது. 1905இல் ஆம்ஸ்டர்டாமில் 480க்கும் மேற்பட்ட படைப்புகளோடு கண்காட்சி வைத்தார். 1914இல்தான் கடிதங்களைப் பதிப்பித்தார். ஓவியங்களுக்கு உரிய மதிப்பு வராமல் வாழ்க்கைக் கதையை முன்னால் விடக்கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது. 1924இல் லண்டன் நேஷனல் கேலரி சூரியகாந்தியைக் கேட்டது; தினமும் பார்த்துப் பழகிய படம் என்று முதலில் மறுத்துப் பிறகு கொடுத்தார். மஞ்சள் நாற்காலியும் அதே ஆண்டு லண்டனுக்குப் போனது. கோகனின் நாற்காலி குடும்பத்திலேயே தங்கிவிட்டது.

வான்கோவின் பொருட்கள் பேசுகின்றன என்று சொல்லும்போதெல்லாம் அவற்றுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த இந்த இரவு வேலை என் நினைவுக்கு வருகிறது. வெங்காயம் வெங்காயமாகவே இருந்திருக்கும். 1889 ஜனவரியில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சில நாட்களில் வான்கோ வரைந்த ஒரு மேசைக் காட்சி இருக்கிறது. ஒரு தட்டில் வெங்காயம், புகைக்குழாய், மெழுகுவர்த்தி, ஒரு கைமருத்துவப் புத்தகம், ஒரு கடித உறை. திரும்பவும் வாழ முடியுமா என்று பொருள்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் ஒருவருடைய மேசை. அந்த உறை, தியோவுக்கும் யோவுக்கும் திருமணம் நிச்சயமான செய்தியைக் கொண்டுவந்த கடிதத்தின் உறையாக இருக்கலாம் என்று மார்ட்டின் பெய்லி என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். அந்தச் செய்தி டிசம்பர் 23ஆம் தேதியே வந்து சேர்ந்திருக்கும் என்பது அவருடைய கணிப்பு. அப்படியானால் யோ அந்த வீட்டுக்குள் நுழைந்தது ஓர் அச்சமாக. தம்பியின் அன்பும் பணமும் இனி பங்காகிவிடும் என்ற அச்சம். ஊகம்தான். ஆனால் வெங்காயத்துக்குப் பக்கத்தில் ஓர் அச்சமாகக் கிடந்த பெண், அந்த வெங்காயத்தை உலகம் பார்க்கும்படி செய்தவர்.

பொருளில் உணர்ச்சியைப் படிப்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. அதைத் தவிர்க்கவும் முடியாது. அம்மாவின் தோசைக்கல்லைப் பேரீச்சம்பழக்காரனிடம் போட மனம் வராதவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் கேட்பது, படித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதை. பிரசவ நடுக்கத்தை பூட்ஸில் கண்டவருக்கு உயிருள்ள ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. தேய்ந்த பொருள் மனதை உருக்கும்; தேய்த்த கை கூலி கேட்கும். முன்னதன் முன்னால் நின்று கண்ணீர் விடுவதில் செலவு ஏதும் இல்லை. அதனால்தான் அந்த பூட்ஸ் யாருடையவை என்ற கேள்விக்கு, தெரியாத யாரோ ஒருவருடையவை என்ற பதிலோடு இருந்துகொள்ள எனக்குச் சம்மதம். அந்தத் தெரியாமை உறுத்திக்கொண்டே இருக்கட்டும். உழவுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன், ஓவியரிடம் கொடுத்துவிட்டேன் என்று கணக்கை முடித்துவிட்டால் அதற்கப்புறம் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது.

சமையலறைப் பொருளை வெளியிலிருந்து பார்ப்பதற்கும் உள்ளிருந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டா என்று மாணவிகள் கேட்பார்கள். பெண் வரைந்தால் தானாகவே வேறாகிவிடும் என்று நான் நம்புவதில்லை. ஆனால் பாவ்லா மோடர்ஸோன் பெக்கரின் படங்களைக் காட்டுவேன். ஜெர்மானியர், 1876இல் பிறந்தவர். 1900இல் பாரிஸில் வொலாரின் கடையில் செசானின் படங்களைக் கண்டார். உடன் இருந்தவர் தோழி கிளாரா வெஸ்ட்ஹோஃப், சிற்பி. அடுத்த ஆண்டே பாவ்லாவுக்குத் திருமணம். அதற்கு முன் குடும்பத்தின் விருப்பப்படி சமையல் வகுப்பில் சேர பெர்லினுக்குப் போக வேண்டியிருந்தது. கிளாரா கவிஞர் ரில்கேயை மணந்தார்.

1907 அக்டோபரில் பாரிஸில் செசானின் நினைவுக் கண்காட்சி நடந்தது, 56 ஓவியங்கள். ரில்கே அநேகமாக ஒவ்வொரு நாளும் அங்கே போய் நின்று, பார்த்ததையெல்லாம் மனைவி கிளாராவுக்குக் கடிதமாக எழுதினார். பின்னாளில் புத்தகமாக வந்த அந்தக் கடிதங்கள் பொருளைப் பார்ப்பது எப்படி என்பதற்கு இன்றும் பாடமாக இருக்கின்றன. பாவ்லாவுக்கும் போக வேண்டும் என்று தவிப்பு. நிறைமாதம், பயணம் முடியாது. அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு வா என்று கிளாராவிடம் கேட்டார். நவம்பர் 2இல் பெண் குழந்தை பிறந்தது. படுக்கையிலேயே கிடக்கச் சொன்னார்கள். நவம்பர் 20இல் எழுந்தார். அன்றே இரத்தக்கட்டி அடைத்து இறந்துபோனார். முப்பத்தொரு வயது. பிரசவத்தின் நடுக்கத்தை பூட்ஸில் தேடியவர்களுக்குத் தெரியாத ஒரு பிரசவம் இது.

அவர் விட்டுப்போன ஸ்டில் லைஃப் ஓவியங்களில் பூசணிக்காய் இருக்கிறது, மீன்தொட்டி இருக்கிறது, பால் பாத்திரம் இருக்கிறது. 1905 வாக்கில் வரைந்த ஒன்றில் வாணலியோடு பொரித்த முட்டை, நம் பேச்சில் ஆஃப்பாயில். செசானின் பழம் வாரக்கணக்கில் மேசையில் இருக்கும், அழுகினால் காகிதம். இந்த முட்டைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. அடுப்பிலிருந்து இறக்கியாகிவிட்டது, ஆறிக்கொண்டிருக்கிறது. வரைகிறவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.